லைனில் பாதிப் பேருக்கு மூன்றில் ஒரு பங்குச் சம்பளம்: அங்கே 'பன்முகத்தன்மை' ஏன் எடுபடுவதில்லை?

சென்னைக்கு அருகே ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கம்பெனியில் 'பன்முகத்தன்மை' என்று ஒரு நாள் பயிற்சி நடத்தினார்களாம். வெளிமாநிலத்தவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் எல்லோரும் ஒரே குடும்பம் என்று பேசினார்களாம். ஆபீஸ்காரர்கள் கைதட்டினார்கள், பெர்மனென்ட் தொழிலாளர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், கான்ட்ராக்ட் பையன்கள் பின்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கள் ஆட்களின் மனசு சரியில்லையா, பயிற்சி சரியில்லையா?" என்கிறார்.

உண்மையில் அவர் கேட்பது இன்னொன்று என்று நினைக்கிறேன். ஒரே லைனில் ஒரே வேலையைப் பார்ப்பவர்கள் மூன்று தினுசில் சம்பளம் வாங்கும் இடத்தில், 'நாம் பலவகைப்பட்டவர்கள்' என்ற பேச்சு ஒவ்வொருவர் காதிலும் என்னவாக விழுகிறது என்பதுதான் கேள்வி. நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் 22 வருடம் தொழிலாளர் நலன், தொழிலுறவு என்று இருந்தவன். நிர்வாகத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவைதான் என்னிடம் இருப்பவை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் முன்பு இருந்த ஒரு தொழிற்சாலையில், 2016 வாக்கில், வெல்டிங் ஷாப்பில் ஏறக்குறைய 60 பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். எல்லோரும் கான்ட்ராக்ட். அதே ஷாப்பில் நம்மூர் பெர்மனென்ட் ஆட்கள் 40 பேர் இருந்தார்கள். பெர்மனென்ட்டுக்கு எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய்க்கு மேல், கான்ட்ராக்ட்டுக்கு ஓ.டி. (கூடுதல் நேர வேலைக் கூலி) இல்லாமல் 13,000 சொச்சம். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு பெர்மனென்ட்டுக்கு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் டிபன் கேரியரும் கொடுத்தோம். கான்ட்ராக்ட்டுக்கு பொரி, கடலை பாக்கெட். கஞ்சாம் மாவட்டத்துப் பையன் ஒருவன் அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் கற்ற தமிழில் என்னிடம் கேட்டான்: "சார், மிஷின் ஒண்ணுதானே?" அவன் காலை ஷிஃப்டில் பிடித்த வெல்டிங் கன்னைத்தான் மதிய ஷிஃப்டில் பெர்மனென்ட் ஆள் பிடிப்பார். அவர்கள் ஊரில் செப்டம்பர் 17 அன்று விஸ்வகர்மா பூஜை. அதற்கு அரை மணி நேரம் கேட்டிருந்தார்கள். யூனியன் பிரதிநிதி ஒருவர், "அதான் ஆயுத பூஜை இருக்கே, இவங்களுக்குத் தனியா எதுக்கு?" என்றார். சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். வைத்தார்கள், நம் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் நான் மாறிப்போன இடம் ஒரு சின்ன ஃபவுண்டரி, அதாவது உலோக வார்ப்பாலை. மொத்தமே 90 பேர், பீகார்க்காரர்களும் திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களும் பாதிக்குப் பாதி. எல்லோருக்குமே சம்பளம் குறைவு. இரண்டு தரப்புக்கும் இடையே ஆயிரம், ஆயிரத்து ஐநூறுதான் வித்தியாசம். அங்கே விஸ்வகர்மா பூஜைக்குப் பூசணிக்காய் உடைத்தவர் நம்மூர்க்காரர். அதற்காக அங்கே எல்லோரும் மகாத்மாக்கள் என்று நினைக்க வேண்டாம். பாத்ரூம் சுத்தம், ரூமில் போன் சத்தம் என்று வாரத்துக்கு ஒரு சண்டை உண்டு. ஆனால் பேர் சொல்லிச் சண்டை போட்டார்கள். பெரிய தொழிற்சாலையில் 'ஸ்டேஷன் ஆறு பையன்', 'வடக்கன்' என்பதற்கு மேல் பெயர் யாருக்கும் தெரியாது. இதை வைத்து சம்பளம்தான் காரணம் என்று நான் தீர்ப்பு எழுத முடியாது. 90 பேர் உள்ள இடத்தில் பெயர் தெரிவது இயல்பு. இரண்டு இடங்களுக்கும் நடுவில் வேறு பத்து வித்தியாசங்கள் இருந்தன.

அதனால் ஒழுங்காகச் சோதனை செய்து பார்த்தவர்களிடம் போவோம். ஒடிசாவில் தினக்கூலித் தொழிலாளர்களை வைத்து எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷம்தாசானி மூவரும் ஒரு மாதம் நடத்திய சோதனையை 2018இல் வெளியிட்டார்கள். சில குழுக்களில் எல்லோருக்கும் ஒரே கூலி, சில குழுக்களில் ஆளுக்கொரு கூலி. அதே தொகையை வாங்குபவர்களை எடுத்துக்கொண்டால், பக்கத்து ஆள் வேறு கூலி வாங்கும் குழுக்களில் உற்பத்தி குறைந்தது, வருகை 12 சதவீதம் குறைந்தது. வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும், தெரிந்தும் வரவில்லை. சேர்ந்து செய்தால் எல்லோருக்கும் லாபம் என்ற வேலையில்கூட ஒத்துழைப்பு குறைந்தது. ஆனால் அதிகக் கூலி வாங்குபவர் அதிகம் உற்பத்தி செய்கிறார் என்பது கண்ணெதிரே தெரிந்த இடங்களில் இந்தப் பாதிப்பு எதுவும் தென்படவில்லை. நம் விஷயத்துக்கு இதில் கவனிக்க வேண்டியது, அங்கே கூலி வித்தியாசம் மொழிப்படியோ மாநிலப்படியோ வரவில்லை, ஆளாளுக்கு வந்தது. அப்படிப்பட்ட இடத்திலேயே காரணம் தெரியாத கூலி வித்தியாசம் இவ்வளவு செய்கிறது. அதன்மேல் மொழியும் மாநிலமும் சேர்ந்தால் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்துவிடுகிறது. இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் என்னுடையது, ஆய்வில் இல்லை.

இன்னொன்று கென்யாவில் ரோஜாப் பூக்களைக் கட்டாகக் கட்டி ஏற்றுமதிக்குத் தயார் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஜோனாஸ் ஹ்யோர்ட் என்ற பொருளியலாளர் அதன் உற்பத்திக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். மூன்று பேர் ஒரு குழு. ஒருவர் பூக்களைப் பிரித்துக் கொடுப்பார், இருவர் கட்டுவார்கள். கட்டுபவர்களுக்கு அவரவர் கட்டின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி, கொடுப்பவருக்கு மொத்த எண்ணிக்கைக்கு. கட்டுபவர் வேற்று இனத்தவராக இருந்தால் கொடுப்பவர் பூவைக் குறைத்துக் கொடுத்தார். அதனால் தன் கூலியும் குறையும் என்று தெரிந்தேதான். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு நாட்டில் இனக் கலவரம் வெடித்தபோது இது இன்னும் மோசமானது. பிப்ரவரி 2008இல் நிர்வாகம் கூலி முறையை மாற்றியது. கட்டும் இருவருக்கும் மொத்த உற்பத்தியைச் சமமாகப் பிரித்துக் கூலி. பூ கொடுப்பவரின் இனத்தான் ஒருவன், வேற்று இனத்தான் ஒருவன் என்று கட்டுபவர்கள் கலந்திருந்த குழுக்களில், இருவருக்கும் நடுவில் பாகுபாடு காட்டி இனி யாருக்கும் லாபமில்லை. அந்தக் குழுக்களின் உற்பத்தி ஒரே இனக் குழுக்களின் அளவுக்கு நெருங்கி வந்தது. ஒரு பயிற்சி வகுப்பும் நடக்கவில்லை, ஒரு போஸ்டரும் ஒட்டவில்லை. அதே நேரம், யாருடைய மனசும் மாறியதாக அந்தக் கணக்குகள் காட்டவில்லை. நடத்தை மாறியது, அவ்வளவுதான். ஒரு தொழிற்சாலையின் கதை என்பதையும் மறக்க வேண்டாம்.

பழகினால் சரியாகிவிடும் என்று பயிற்சியாளர்கள் சொல்வது முழுப் பொய்யில்லை. 1954இலேயே கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அதற்கு நான்கு நிபந்தனை சொன்னார்: இரு தரப்பும் சம அந்தஸ்தில் இருக்க வேண்டும், பொது நோக்கம் வேண்டும், ஒத்துழைத்துச் செய்யும் வேலை வேண்டும், மேலிடத்தின் ஆதரவு வேண்டும். நம் பயிற்சிகளில் நாலாவது தாராளமாக இருக்கும், முதலாவது அறவே இருக்காது. உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்து கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார் மாட் லோ. 2021இல் வெளியான முடிவு: ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது, எதிரணியில் ஆடியவர்களிடம் அந்த உறவு பொதுவாகக் குறைந்தது. சும்மா ஒரே மைதானத்தில் நிற்பதால் ஒன்றும் ஆகிவிடவில்லை. பெர்மனென்ட்டும் கான்ட்ராக்ட்டும் ஒரே ஷெட்டில் நின்றாலும் பெரும்பாலும் எதிரணிதான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் சம்பள செட்டில்மென்ட் பேச்சு இழுத்தடிக்கும்போது, 'நாங்கள் வெளியே போனால் இவர்களை வைத்து லைனை ஓட்டிவிடுவார்கள்' என்ற பயம் பெர்மனென்ட் ஆளுக்கு வரும். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, நிர்வாகம் அப்படித்தான் கணக்குப் போடும், நானே போட்டிருக்கிறேன். அந்த மாதங்களில் 'வடக்கன்' ஜோக்குகள் கூடும், செட்டில்மென்ட்டில் கையெழுத்தானதும் குறையும். இது என் காதுக்குக் கேட்டது, அளந்து பார்த்ததில்லை.

நான் அதிகம் சொல்ல விரும்புவது வேறு ஒன்று. ஷாப்பில் மனிதர்களைப் பற்றி உலவும் தீர்ப்புகளில் பாதி, ஒப்பந்த நிபந்தனையை ஆளின் குணமாகப் படிப்பதால் வருபவை. "வடக்கன் ஊருக்குப் போனா திரும்ப மாட்டான்" என்பது எங்கள் சூப்பர்வைசர்களின் நிலையான வசனம். ஒருமுறை இரண்டு வருட கான்ட்ராக்ட் ரிஜிஸ்டரை எடுத்து உட்கார்ந்தேன். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்கலாம் என்று தமிழ்நாட்டில் 1981ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. அந்த எண்ணிக்கை நெருங்குவதற்கு முன்பே கான்ட்ராக்டர் 'பிரேக்' கொடுத்து, அதாவது வேலையை இடையில் நிறுத்தி அனுப்பிவிடுவார், அல்லது வேறு ஏஜென்சி பெயருக்கு ஆளை மாற்றிவிடுவார். 'ஊருக்குப் போய்த் திரும்பவில்லை' என்று எங்கள் ஆட்கள் சொன்னவர்களில் நிறையப் பேரின் கடைசித் தேதி அந்தப் பிரேக்கில்தான் வந்து நின்றது. சம்பளம் இல்லாமல் இங்கே ரூம் வாடகை கொடுத்து யார் உட்காருவான்? ஊருக்குப் போனான். திரும்பி வந்தவனுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. லைனில் நின்ற நம்மூர்க்காரர் ரிஜிஸ்டரைப் பார்க்கவில்லை, ஆள் காணாமல் போனதை மட்டும் பார்த்தார். அவர் மனசில் அது பீகார்க்காரனின் குணமாகப் பதிந்தது.

பெண்கள் விஷயத்திலும் இதே கதை. இந்தியாவில் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நாலு பேருக்குக் குறையாமல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கக்கூடிய விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். "பொண்ணுங்களா, ரெண்டு வருஷத்துல கல்யாணம் ஆகிப் போயிடும்" என்று சொல்லாத மேனேஜர் கிடையாது. நான் பார்த்த இடங்களில் அந்தப் பெண்களை எடுத்ததே இரண்டு வருட டிரெய்னி ஆர்டரில். ஆர்டர் முடிந்தது, போனார்கள். "இவனுங்களுக்கு சேஃப்டி அறிவே இல்லை" என்பது இன்னொன்று. பெர்மனென்ட்டுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்திருந்தோம், கான்ட்ராக்ட்டுக்கு முதல் நாள் காலை இரண்டு மணி நேரம், அதுவும் தமிழில். ஒடியா மட்டும் தெரிந்த பையன் தலையாட்டிவிட்டுப் போனான்.

இப்படி ஒரு இடத்தில் பன்முகத்தன்மை என்ற சொல் மூன்று இடத்தில் மூன்றாக விழும். மேலே இருப்பவர்களுக்கு அது பெருமை. ஆடிட்டுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தால் 'எங்களிடம் ஒன்பது மாநிலத்து ஆட்கள்' என்று சார்ட் காட்டுவோம். நடுவில் இருக்கும் பெர்மனென்ட்டுக்கு அது எச்சரிக்கை, 'உன் இடத்துக்கு மலிவான ஆள் வருகிறான்' என்று கேட்கும். கீழே இருப்பவனுக்கு அது சிரிப்பு. எங்கள் போஸ்டரில் தலைப்பாகைக்காரர், சேலை கட்டியவர், சக்கர நாற்காலியில் ஒருவர் எல்லோரும் இருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் கம்பெனியின் நேரடி ஆட்களுக்கான நீல அடையாள அட்டைப் பட்டை. கான்ட்ராக்ட்டின் மஞ்சள் பட்டை ஒன்றுகூட இல்லை. அதை எனக்குச் சுட்டிக்காட்டியதும் ஒரு மஞ்சள் பட்டைக்காரன்தான்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது, தமிழ்நாடு போலீஸ் வதந்தி பரப்பியவர்கள்மேல் வழக்குப் போட்டது. அந்த வாரம் ஃபவுண்டரிப் பையன்கள் வீடியோவைத் தூக்கிக்கொண்டு நேராக திருவண்ணாமலைக்காரர்களிடம் வந்து, "அண்ணா, இது நிஜமா?" என்று கேட்டார்கள். பெரிய தொழிற்சாலையில் அப்போதும் இருந்த என் பழைய சக ஊழியர், அங்கே பையன்கள் லைனில் ஒருவரிடமும் கேட்கவில்லை, கான்ட்ராக்டரிடம் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார்கள் என்றார். ஹோலி நேரம் வேறு, எத்தனை பேர் பயத்தில் போனார்கள், எத்தனை பேர் பண்டிகைக்குப் போனார்கள் என்று பிரிக்க முடியாது.

எல்லாம் சம்பளம்தான் என்று சொல்லி முடித்துவிட்டால் அது பொய்யாகிவிடும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் கம்பெனிகளின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு சாதகமான பதில் வரும் வாய்ப்பு விகிதம் மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். இங்கே இன்னும் சம்பளமே பேசவில்லை, ஆளையே பார்க்கவில்லை. ஆக பாகுபாடு முதலில் வந்து சம்பளத்தைத் தீர்மானிப்பதும் உண்டு. (நம்மூரில் பெயரில் சாதி இருக்காது என்று நிம்மதிப்பட வேண்டாம். "எந்த ஊர் தம்பி? ஊரில் எந்தப் பக்கம்?" என்ற இரண்டு கேள்வியில் வேலை முடிந்துவிடும்.) சம்பளத்தைச் சமமாக்கினால் சாதி கரைந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. சம்பளம் சமமில்லாத இடத்தில் வேறு எதுவும் கரையாது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். ஒரே மாதிரி வேலை செய்யும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு நேரடித் தொழிலாளியின் அதே கூலி என்று 1971ஆம் வருட மத்திய விதிகளிலேயே எழுதியிருந்தது. நடைமுறையில் வேலையின் பெயரை மாற்றிவிடுவோம். அவர் 'ஆபரேட்டர்', இவன் 'ஹெல்பர்'. 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டதால் பழைய விதியை வைத்து இப்போது வாதாடக் கிளம்பாதீர்கள், தொழிலாளர் சட்ட வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அமைப்புசார் தொழிற்சாலைகளில் சுமார் 40 சதவீதத் தொழிலாளர்கள் கான்ட்ராக்ட் என்று மத்திய அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பே சொல்கிறது. 2000 வாக்கில் அது 20 சதவீதத்தை ஒட்டி இருந்தது. உங்கள் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலான முதல் ஆயிரத்துக்குள் இருந்தால், பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி கேட்கும் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில் நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் என்று ஆண், பெண் வாரியாக எண்ணிக்கை இருக்கும். பயிற்சியின் முதல் ஸ்லைடில் அதைப் போடச் சொல்லிப் பாருங்கள், ஹாலில் யார் சிரிக்கிறார்கள், யார் நெளிகிறார்கள் என்று அப்போது தெரியும்.

புதிதாகச் சேர்ந்தவர் நீங்கள், சம்பளத்தை உங்களால் மாற்ற முடியாது. 22 வருடத்தில் என்னாலும் பெரிதாக முடியவில்லை. முடிந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். கேன்டீன் டோக்கனை ஒரே நிறமாக்கினோம், ஒரே வரிசையாக்கினோம். முதல் வாரம் பெர்மனென்ட் பக்கம் முணுமுணுப்பு, அப்புறம் பழகிவிட்டது. சேஃப்டி கமிட்டியில் கான்ட்ராக்ட் ஆள் இருவரைப் போட்டோம், பயிற்சியை இந்தியிலும் ஒடியாவிலும் கொடுத்தோம். லைனின் உற்பத்திக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையை, இன்சென்டிவை, மஞ்சள் பட்டைக்கும் சேர்த்துப் பிரிக்க வேண்டும் என்று இரண்டு முறை குறிப்பு எழுதினேன், இரண்டு முறையும் ஃபைனான்ஸில் நின்றுவிட்டது. கென்யாக் கதையைப் படித்த பிறகு, நான் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான் என்று தோன்றுகிறது. உங்கள் கம்பெனியில் இன்சென்டிவ் திட்டம் இருந்தால் அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

பின்வரிசையில் சிரித்தவர்களிடம் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டீர்களா? கேட்பதானால் டீ டைமில் கேளுங்கள், சூப்பர்வைசரும் கான்ட்ராக்டரின் ஆளும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து. முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது நாள் சொல்வார்கள்.